கொடுக்காமல் போன கடிதம்

உல்கானின் வீட்டுக்குத் தமிரா நான்கு முறை போக வேண்டியிருந்தது. அக்-பெல் ஊரின் மேற்குக் கோடியில், ஆற்றைத் தாண்டினால் கடைசி வீடு. முதல் முறை போனபோது உல்கான் ரொட்டியும் தேநீரும் வைத்து நன்றாகத்தான் உபசரித்தாள், ஆனால் மகளின் படிப்பைப் பற்றிய பேச்சை எடுக்கவே விடவில்லை. இரண்டாம் முறை, பசு கன்று போடுகிற நேரம் என்று தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் முறை, இறந்துபோன கணவனின் தம்பிகள் இருவரையும் வரவழைத்து உட்கார வைத்திருந்தாள். அவர்கள் கேட்டதெல்லாம் எந்த வீட்டிலும் கேட்பதுதான். தலைநகரில் தனியாக எப்படி இருப்பாள், ஐந்து வருடம் முடிந்து வரும்போது வயது என்ன ஆகியிருக்கும், மின்கம்பத்தில் ஏறுகிற பெண்ணை எவன் கட்டுவான். மூத்தவர் தமிராவை மேலும் கீழும் பார்த்து, “உங்கள கட்டுனவரு என்ன சொல்றாரு?” என்று கேட்டார். அவர் ஒன்றும் சொல்வதில்லை, சமைக்கக் கற்றுக்கொண்டார் என்றாள் தமிரா. இளையவர் சிரித்துவிட்டார். உல்கான் சிரிக்கவில்லை.

தமிரா மாவட்ட மின் அலுவலகத்தில் ரிலே பிரிவின் பொறியாளர். ஒரு லைனில் ஏதாவது பிசகினால் கண்மூடித் திறப்பதற்குள் அதை அணைத்துவிடும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கணக்குப் பிரிவிலும் வரவேற்பிலும் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பூட்ஸ் மாட்டிக்கொண்டு துணைமின்நிலையத்துக்குப் போகிறவள் இருபது வருடமாக அவள் ஒருத்திதான். அந்தத் தனிமை பிடிக்காமல்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் சுற்றுப்பட்ட பள்ளிகளுக்குப் போய், மேல் வகுப்புப் பெண்களிடம் பொறியியல் படியுங்கள் என்று பேச ஆரம்பித்தாள். யாரும் அவளை அனுப்பவில்லை. சனிக்கிழமைகளில் தானே போனாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை அக்-பெல் பள்ளியில்தான் உல்கானின் மகள் பெகாயிம் எழுந்து நின்றாள். மெலிந்த பெண், கன்னம் இரண்டும் குளிரில் வெடித்திருந்தன. குளிர்காலத்தில் தன் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் விளக்கு மஞ்சளாகிவிடுகிறது, அது தன் வீடு லைனின் கடைசியில் இருப்பதாலா, இல்லை ஊரே ஒரே நேரத்தில் ஹீட்டர் போடுவதாலா என்று கேட்டாள். இரண்டாலும்தான் என்று தமிரா சொன்னதும் உட்காராமல், “ரெண்டுல எது எவ்வளவு?” என்றாள். அந்தக் கேள்விக்காகத்தான் தமிரா நான்கு முறை ஆற்றைக் கடந்தாள்.

நான்காம் முறை உல்கான் தனியாக இருந்தாள். ரொட்டி மாவு பிசைந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

“அவ பிடிவாதக்காரி. நான் வேணாம்னு சொன்னாலும் போயிடுவா. அப்பறம் ரெண்டு பேருக்கும் பேச்சு இருக்காது. என் வாயால சொல்லி அனுப்புனதா இருக்கட்டும். கூட்டிட்டுப் போங்க.”

பெகாயிம் ஐந்து வருடம் படித்தாள். மூன்றாம் வருடத்திலிருந்து விடுமுறைகளில் தமிராவின் அலுவலகத்துக்கு வந்து, ரிலே அறையில் உட்கார்ந்து வரைபடங்களைப் புரட்டுவாள். பட்டம் வாங்கியதும், அலுவலகப் பிரிவில் இடம் இருந்தும், லைன் பிரிவைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். தரையில் நின்று லைனைப் பார்த்துவிட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் போடுகிற கணக்கெல்லாம் தப்பு என்பது அவள் கட்சி. பையன்கள் அவளை முதல் மாதம் கேலி செய்தார்கள். “தங்கச்சி, கம்பம் ஆடுதா, நீ ஆடுறியா?” என்று கீழிருந்து கத்துவார்கள். கம்பம்தான், உன் எடையைத் தாங்கித் தாங்கி வளைந்துவிட்டது என்று மேலிருந்து பதில் வரும். இரண்டாம் மாதத்தில் அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். அவளுக்குப் பிந்தைய வருடங்களில் தமிராவின் பேச்சைக் கேட்டு மேலும் மூன்று பெண்கள் அதே படிப்பில் சேர்ந்திருந்தார்கள். படிப்பு முடிந்ததும் வேலை தருவதாக அலுவலகமே அவர்களுக்குக் கடிதம் கொடுத்திருந்தது. பள்ளிகளில் பேசும்போது தமிரா இப்போதெல்லாம் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை, பெகாயிமைப் பற்றித்தான் சொன்னாள்.

ஆகஸ்டு மாதம் ஒரு மத்தியானம் பெகாயிம் ரிலே அறைக்கு வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லைன் குழுவிடம் எர்த் ராடு ஒரே ஒரு செட்தான் இருக்கிறது என்றாள். லைனை அணைத்துவிட்டு வேலை செய்யும்போது, யாராவது தவறிப்போய் சப்ளை கொடுத்தால் மின்சாரம் ஆளின் மேல் பாயாமல் மண்ணுக்குள் இறங்கிவிட, கம்பியோடு மாட்டி வைக்கும் தடி அது. குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு இடத்தில் வேலை செய்கிறது, ஒரு பக்கம் எர்த் இல்லாமலேயே ஏறுகிறார்கள், இன்னொரு செட் வேண்டும் என்று தலைமைப் பொறியாளருக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

தமிரா அப்போது ஒரு ரிலேயைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துத்தான் பேசினாள், அலட்சியமாகப் பேசவில்லை. அதைப் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்தாள்.

“இது உனக்கு முதல் வருஷம். இப்பவே எழுதிக் குடுத்தா, பொண்ணு பயந்துட்டான்னுதான் சொல்லுவாங்க. உன்ன ஆபீஸ்ல உக்கார வெச்சிடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ. நானும் அப்படித்தான் இருந்தேன். அடுத்த வருஷம் நான் பேசுறேன்.”

பெகாயிம் சரி என்று தலையாட்டிவிட்டு, ரிலேயின் உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். பேச்சு அதோடு போய்விட்டது.

அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்த மறுநாள் அவள் இறந்தாள். ஒன்பதாம் நம்பர் லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று உடைந்திருந்தது, அதை மாற்றும் வேலை. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை என்று சொல்லி, லைனை அணைத்துவிட்டுப் போனார்கள். எர்த் ராடு மற்றப் பாதிக் குழுவோடு போயிருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, அவள் மேலே இருந்தபோது, லைனில் மின்சாரம் வந்தது.

உல்கானின் முற்றத்தில் துக்கத்துக்கான கம்பளிக் கூடாரம் எழுந்தது. ஆண்கள் தூரத்திலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு வந்து இறங்கினார்கள். தமிரா உள்ளே போனாள். பெண்கள் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். உல்கான் கடைசியில் இருந்தாள். அவள் பக்கத்தில் பெகாயிமின் தங்கை ஜிபெக், பதினாறு வயதுப் பெண், அழாமல் கூடாரத்தின் மரச்சட்டங்களையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தமிரா மற்றப் பெண்களைக் கட்டிக்கொண்டதுபோல உல்கானையும் கட்டிக்கொண்டாள். உல்கானின் கைகள் அவளைத் தொடவில்லை. தள்ளவும் இல்லை. இறந்தவளை மண்ணுக்குக் கொண்டுபோகும்போது பெண்கள் வீட்டிலேயே நின்றார்கள். தமிரா வேலிக்குப் பக்கத்தில் நின்று, வண்டி மேட்டில் ஏறி மறைகிறவரை பார்த்தாள்.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே, யாரிடமும் கேட்காமல், அவள் துணைமின்நிலையத்துக்குப் போய் ஒன்பதாம் நம்பர் லைனின் ரிலேயில் இருந்த பதிவை நகல் எடுத்து வைத்திருந்தாள். எந்த விபத்தானாலும் அவள் செய்கிற வேலைதான் அது. அந்தப் பதிவில் ஒரு வரி, பதினொன்று நாற்பத்திரண்டுக்கு பிரேக்கர், அதாவது லைனுக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச், போடப்பட்டது என்று சொன்னது. அடுத்த வரி, அதற்குப் பின் ஒரு விநாடிக்குள் பழுது கண்டு லைன் அணைந்தது என்று சொன்னது. அவ்வளவுதான். தமிரா அதை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தாள். விசாரணையில் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

யாரும் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் அலுவலகத்தின் அறிக்கை வந்தது. ஒன்பதாம் நம்பர் லைனுக்குப் பக்கத்திலேயே போகும் எட்டாம் நம்பர் லைனில் அன்று மின்சாரம் இருந்தது, அனுபவமில்லாத பொறியாளர் பதற்றத்தில் கம்பம் மாறி ஏறிவிட்டார் என்று எழுதியிருந்தது. கூடவே ஓர் உத்தரவு. இனிமேல் பெண்களை லைன் வேலையில் வைக்கக் கூடாது, படித்துக்கொண்டிருக்கும் மூன்று பெண்களுக்குக் கொடுத்த கடிதங்கள் ரத்து.

தமிரா அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு தலைமைப் பொறியாளர் ஓமுர்பேக்கின் அறைக்குப் போனாள். ஓமுர்பேக் கெட்ட மனிதர் இல்லை. அவள் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அவள் பதிவின் நகலை மேஜையில் வைத்ததும் கண்ணாடியை மாட்டிப் படித்தார். அவருக்கும் ரிலே தெரியும். கம்பம் மாறி ஏறியிருந்தால், ஒன்பதாம் நம்பர் பிரேக்கரை அந்த நேரத்தில் ஒரு கை போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

“இத எப்ப எடுத்த?” என்று கேட்டார்.

“அன்னிக்கே.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். காசிமுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது என்றார். அன்று துணைமின்நிலையத்தில் பணியில் இருந்தவர் காசிம். மாகாணத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள், எட்டாம் நம்பர் லைன் அணைந்துபோய், கூட்டம் நடக்கிற மண்டபத்தில் குளிர் தாங்கவில்லை, ஊர்த் தலைவர் மூன்று முறை போன் செய்து கத்தியிருக்கிறார். எட்டாம் நம்பர் என்று நினைத்து ஒன்பதைப் போட்டுவிட்டார் மனுஷன். கைப்பிடியில் ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்ற அட்டையும் மாட்டவில்லை. ஒரு மணி நேர வேலைதானே என்று விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றா செய்தார்?

“அதுக்காக அவ மேல போடுறதா, அண்ணே?” என்றாள் தமிரா.

“செத்தவளுக்கு இனிமே எதுவும் வலிக்காது, தமிரா. காசிம உள்ள தள்ளுனா அந்தக் குடும்பமே போச்சு. உனக்கும் சொல்றேன். அவளக் கொண்டு வந்தது நீ. ஊர்ல உன்னப் பத்தி என்ன பேசுறாங்கன்னு தெரியுமா? இத இன்னும் கிளறுனா உனக்கே நல்லதில்ல.”

நகலை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளிடம் இன்னொன்று இருந்தது.

ஊரில் என்ன பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. மூன்று பெண்களில் ஒருத்தியின் அப்பா வீட்டுக்கே வந்து, என் மகளைக் கணக்கியலுக்கு மாற்றிவிட்டேன், இனி அவளுக்குப் போன் செய்யாதீர்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகச் சொன்னதுதான் அதிகமாகச் சுட்டது. அந்த அறிக்கை அப்படியே நின்றால், பெண்கள் பதறுவார்கள் என்பது இந்த மாவட்டத்தில் எழுத்தில் ஏறிவிடும், இன்னும் இருபது வருடம் யாராலும் அதை அழிக்க முடியாது என்று அவள் நினைத்தாள். அதற்காகத்தான் போராடுவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆகஸ்டு மாதத்து மத்தியானத்தை அவள் இன்னும் தொடவில்லை.

தலைநகரிலிருந்து மறுவிசாரணைக் குழு வர வேண்டுமானால், இறந்தவரின் குடும்பம் எழுதிக் கேட்க வேண்டும் என்று விதி. அதனால் தமிரா மறுபடியும் ஆற்றைக் கடந்தாள். நாற்பதாம் நாள் சடங்கு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கூடாரத்தைப் பிரித்த இடத்தில் பனி மெல்லிசாக வட்டம் போட்டிருந்தது. ஜிபெக் கதவைத் திறந்தாள். உல்கான் உள்ளே வரச் சொல்லித் தேநீர் ஊற்றினாள். அந்த வீட்டில் யார் வந்தாலும் தேநீர் உண்டு.

தமிரா நடந்ததைச் சொன்னாள். பிரேக்கர், பதினொன்று நாற்பத்திரண்டு, அறிக்கையில் இருக்கும் பொய், எல்லாவற்றையும் எளிய வார்த்தைகளில் சொன்னாள். முடிந்ததும் உல்கான் எழுந்துபோய், அலுவலகத்தார் கொடுத்தனுப்பிய பையைக் கொண்டு வந்தாள். பெகாயிமின் கையுறைகள், ஒரு சீப்பு, நீல அட்டை போட்ட வேலைக் குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தை விரித்து தமிராவின் முன் வைத்தாள்.

“எல்லாப் பக்கத்துலயும் நம்பரும் கோடுமாத்தான் இருக்கு. இது மட்டும் யாருக்கோ எழுதுன மாதிரி இருக்கு. இந்தப் பெரிய வார்த்தையெல்லாம் எனக்குப் புரியல, ஜிபெக்குக்கும் புரியல. என்ன எழுதியிருக்கா?”

தமிரா பார்த்தாள். தலைமைப் பொறியாளருக்கு ஒரு கடிதம். ஆகஸ்டு பதினான்கு என்று தேதி போட்டிருந்தது. லைன் குழுவுக்கு இன்னொரு எர்த் ராடு செட் உடனே தேவை, இரண்டாகப் பிரிந்து வேலை செய்யும்போது ஒரு குழு பாதுகாப்பில்லாமல் ஏறுகிறது, இதனால் உயிர்ச்சேதம் ஏற்படலாம். கீழே கையெழுத்தும் இருந்தது. கடிதத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு, அளவுகோல் வைத்து நேராக அடித்திருந்தாள்.

அந்த நேரத்தில் தமிரா எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இது வேலைக் குறிப்பு என்று சொல்லியிருக்கலாம். இதை மேலே கொடுத்திருக்கிறாள், அவர்கள் கண்டுகொள்ளவில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். விசாரணைக்கு அதுதான் வலுவாக இருந்திருக்கும். அவள் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பொருள் சொன்னாள்.

“அப்பறம் ஏன் அடிச்சா?” என்று கேட்டாள் ஜிபெக்.

“நான்தான் குடுக்க வேணாம்னு சொன்னேன்,” என்றாள் தமிரா. பிறகு உல்கானின் பக்கம் திரும்பினாள். அழுவதற்குத் தனக்கு அங்கே உரிமை இல்லை என்று தோன்றியது. “எங்கிட்ட வந்து கேட்டா, அக்கா. பயந்துட்டான்னு சொல்லுவாங்க, பொறுத்துக்கோன்னு சொன்னேன். நான் அப்படி இருந்துதான் இத்தன வருஷம் அங்க நிலைச்சேன். அதயே அவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். அந்தத் தடி அங்க இருந்திருந்தா அவ இருந்திருப்பா.”

உல்கான் எழுந்தாள். தலைமுண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தொழுவத்தின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. தமிரா உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஆறி, மேலே ஏடு படிந்தது. ஜிபெக் எதிரே உட்கார்ந்து அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். உல்கான் திரும்பி வந்து கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மனுத்தாளைக் கேட்டாள்.

“எங்க கையெழுத்துப் போடணும்?”

தமிரா இடத்தைக் காட்டினாள். உல்கான் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

“நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. காட்ட வேண்டியவங்களுக்குக் காட்டுங்க. ஆனா எனக்குத் திரும்ப வரணும். ஜிபெக் வந்து வாங்கிக்குவா,” என்றாள். பிறகு, “இனிமே நீங்க இந்த வீட்டுக்கு வராதீங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

மனு போய்ச் சேர்ந்த செய்தி ஊரில் பரவிய மறுநாள், காசிம் தமிராவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்திருந்தார். ஒன்றரை மாதத்தில் பத்து வயது கூடியவர்போல் இருந்தார்.

“அந்தப் பதிவுல என் பேரு இருக்கா, தங்கச்சி?”

“பேரு இருக்காதுண்ணே. நேரம் மட்டும்தான்.”

“அந்த நேரத்துல நான் ஒருத்தன்தான் இருந்தேன்,” என்றார் காசிம். போட்ட கைக்கு உடனே தெரிந்துவிட்டது என்றார். பிரேக்கர் தானாகவே திரும்ப அணைந்த சத்தம் கேட்டதுமே ஒன்பது என்று தெரிந்துவிட்டது. ஓமுர்பேக் வந்து, நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றபோது அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை. “வீட்ல அவளுக்கு இன்னும் தெரியாது. இன்னிக்குச் சொல்லிடுவேன். நீ பயப்படாத, நான் மாத்திப் பேச மாட்டேன்.”

அவர் போனபின் தமிரா கதவிலேயே சாய்ந்து நின்றாள். தான் செய்வது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஜனவரியில் தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான்கு நாள் இருந்தார்கள். காசிம் நடந்ததை நடந்தபடி சொன்னார். ரிலேயின் பதிவை அவர்கள் கருவியிலிருந்தே மறுபடி எடுத்து, நகலோடு ஒப்பிட்டார்கள். குறிப்பேட்டைப் புரட்டியபோது, இந்தக் கடிதம் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள் தமிரா. ஏன் என்றார்கள். உல்கானிடம் சொன்ன அதே வார்த்தைகளை அங்கேயும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, இதையும் பதிவு செய்யட்டுமா, கட்டாயம் இல்லை என்றார். எழுதுங்கள் என்றாள். ஓமுர்பேக் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது அறிக்கையில் பெகாயிமின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று இருந்தது. சரியான கம்பத்தில், சரியான முறையில், கொடுத்த அனுமதியின்படி வேலை செய்துகொண்டிருந்தார் என்று இருந்தது. காசிமுக்கு இரண்டு வருடத் தண்டனை, ஆனால் சிறைக்குப் போக வேண்டாம், மாதா மாதம் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தீர்ப்பானது. வேலை போயிற்று. ஓமுர்பேக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு லைன் குழுவுக்கும் மூன்று செட் எர்த் ராடு வந்து இறங்கியது. பெண்களைப் பற்றிய உத்தரவு ரத்தானது. கணக்கியலுக்கு மாறிய பெண் திரும்பவில்லை. மற்ற இருவரும் தொடர்ந்தார்கள். தமிராவுக்கு, அனுமதியில்லாமல் அலுவலகப் பதிவை வெளியே கொண்டுபோனதற்காக எழுத்தில் ஒரு கண்டிப்பு கிடைத்தது. அவளோடு மத்தியானம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சிலர் அதற்குப் பிறகு வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள். காசிமின் மனைவி தெருவில் எதிர்ப்பட்டால் சாலையின் அந்தப் பக்கம் போனாள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று தமிரா நினைத்தாள்.

பள்ளிகளுக்குப் போவதை விட்டுவிடலாம் என்று குளிர்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரலில் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை போன் செய்து, இந்த வருடம் வரவில்லையா, பெண்கள் கேட்கிறார்கள் என்றபோது, வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. அன்றைய கூட்டத்தில் அம்மாக்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தமிரா பெகாயிமைப் பற்றிச் சொன்னாள். அவள் கேட்ட கேள்வியை, அவள் படித்ததை, அவள் இறந்ததை, அந்தக் கடிதத்தை, தான் சொன்ன யோசனையை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“படிங்க. இந்த வேலைக்கு வாங்க. ஆனா யாராவது உங்ககிட்ட பொறுத்துக்கோ, சத்தம் போடாதன்னு சொன்னா கேக்காதீங்க. நானே வந்து சொன்னாலும் கேக்காதீங்க. சரியில்லன்னா எழுதிக் குடுங்க. குடுத்த தேதிய எழுதி வெச்சுக்கோங்க. தடி மாட்டாத கம்பத்துல ஏறாதீங்க.”

ஆறு அம்மாக்கள் பாதியிலேயே மகள்களைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். மீதிப் பேர் இருந்தார்கள். கடைசியில் மூன்று பெண்கள் தங்கள் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். முந்தின வருடம் அதே பள்ளியில் பதினொரு பேர் கொடுத்திருந்தார்கள்.

மே மாதம், மலைமேல் பனி உருகி ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலையில் காவலாளி வந்து, உங்களைப் பார்க்க ஒரு அம்மா வந்திருக்கிறார்கள் என்றார். உல்கான் வாயிற்கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பேருந்தில் வந்திருந்தாள். நல்ல தலைமுண்டு கட்டியிருந்தாள், ஆஸ்பத்திரிக்கோ அலுவலகத்துக்கோ போகும்போது கட்டுவதுபோல.

“அவ வேல செஞ்ச இடத்த நான் பாத்ததே இல்ல,” என்றாள். “பாக்கலாமா?”

தமிரா அவளை லைன் குழுவின் அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே இருந்த பையன்கள் எழுந்து நின்றார்கள். தலைக்கவசங்கள் மாட்டியிருந்த சுவரை உல்கான் பார்த்தாள். எது அவளுடையது என்று கேட்டாள். ஒருவன் காலியாக இருந்த ஓர் ஆணியைக் காட்டினான். யாரும் அதில் எதையும் மாட்டவில்லை என்று சொன்னான். பிறகு வேலிக்குள் இருக்கும் துணைமின்நிலையத்துக்குப் போனார்கள். உல்கான் ஒவ்வொன்றாக இது என்ன, இது எதற்கு என்று கேட்டாள். தமிரா சொன்னாள். பிரேக்கரின் முன்னால் வந்ததும் உல்கான் கேட்கவில்லை, தமிராவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்தார்கள். மின்மாற்றி ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. இது எப்போதும் இப்படித்தான் சத்தம் போடுமா என்றாள் உல்கான். ஆமாம், பழகிவிடும் என்றாள் தமிரா.

திரும்பும்போது, வாயிற்கதவுக்குக் கொஞ்சம் முன்னால், உல்கான் நின்றாள்.

“ஜிபெக் அடுத்த வருஷம் முடிக்கிறா. அக்கா படிச்சதயே படிக்கப் போறேங்கிறா. நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல.”

தமிரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உல்கான் கையை உயர்த்தினாள்.

“நீங்க பேச வேணாம். அதச் சொல்லத்தான் வந்தேன். அவகிட்டயும் பேச வேணாம், எங்கிட்டயும் பேச வேணாம். அவளா யோசிக்கட்டும். அவளுக்கு ஏதாச்சும் கேக்கணும்னா அவளே உங்களத் தேடி வருவா. வந்தா, இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றாள் தமிரா.

பதினொன்றரைப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. உள்ளே வந்து தேநீர் குடிக்கலாமே என்று கேட்டாள். உல்கான் கொஞ்சம் யோசித்தாள். வேண்டாம், நிறுத்தத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாலையோரமாக நடக்க ஆரம்பித்தாள்.